குரங்குப் பாலம்

அந்த ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் எறக்கி உடறீங்களாண்ணா? மழை இல்லீங்க, தெரியுது. வெயிலும் இல்ல. எறக்கி உடுங்கன்னா எறக்கி உட வேண்டியதுதானுங்களே, அதுக்கு எதுக்கு என்னை மேலயும் கீழயும் பாக்கறீங்க? காத்து வேணுமா? சரி, பாதி எறக்குங்க. உங்களுக்குப் பாதிக் காத்து, எனக்குப் பாதி மறைப்பு.

கீழ வளைவுல லாரி சிக்கிக்கிச்சாம். கண்டக்டர் சொன்னாரு. நம்ம பக்கம் வண்டியெல்லாம் வரிசை கட்டி நிக்குது. கீழ இருந்து ஏறி வர்றதும் அங்கயே நிக்குது போல, எதிர்ல ஒண்ணையும் காணோம் பாருங்க. வால்பாறையில இருந்து பொள்ளாச்சி போறதுக்குள்ள நிக்கறதுக்கு எத்தனை எடம் கெடக்குது. சரியா இங்க வந்து நிக்குது பாருங்க இந்த பஸ்ஸு. நேரம்ங்கண்ணா, என்ற நேரம்.

அந்தப் பையையும் காலுக்கடியில தள்ளி வெச்சுக்கங்க. வாழைப்பழம் வெளிய தெரியுது. ஆருக்கு, மக ஊட்டுக்கா? ஏன், பொள்ளாச்சியில வாழைப்பழம் கெடைக்காதுங்களா? கோவிச்சுக்காதீங்க. நான் பேசறதே இப்படித்தான். இந்த ஒரு வாரமா இன்னும் எச்சா இப்படித்தான்.

நான் தட்டறனா? எதை? இந்த டிபன் பாக்ஸையா? இல்லீங்களே. சரி, தட்டினா என்னங்க, கை சும்மா இருக்காது. சின்னதுல இருந்தே எனக்கு அப்படித்தான். பள்ளிக்கூடத்துல பெஞ்சைத் தட்டி வாத்தியார்கிட்ட எத்தனை அடி வாங்கியிருக்கேன். இருங்க, மடியில இருந்து எடுத்து இப்படிப் பக்கத்துல வெச்சுக்கறேன். போதுமுங்களா?

லீவெல்லாம் இல்லீங்க. காலேஜ் படிக்கறவன் பொட்டியைத் தூக்கிட்டு பஸ் ஏறினா லீவுன்னுதான் நெனைப்பீங்க. போகச் சொல்லிட்டாங்க. ஆராய்ச்சி பாதியில கெடக்குது, "நீ கெளம்பு"ன்னுட்டாங்க. என்ன ஆராய்ச்சின்னு கேளுங்க, சொல்றேன். கேட்டுட்டு நீங்களும் சிரிப்பீங்க. எங்க ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் சிரிச்சாச்சு.

குரங்கு ஆராய்ச்சி. பாருங்க, சிரிக்கறீங்க.

சிங்கவால் குரங்குங்க. ஒடம்பு கறுப்பு, மொகத்தைச் சுத்தி வெள்ளைப் பிடரி, வாலு நுனியில குஞ்சம். இந்த மலை மாதிரி நாலு மலையை உட்டா ஒலகத்துல வேற எங்கயும் கெடையாது. அதுகளுக்குப் பின்னால நடந்து, எது எங்க இருக்குது, என்ன திங்குது, மரத்துல இருக்குதா தரையில இருக்குதான்னு குறிச்சுட்டே இருக்கணும். அதுதான் என்ற எம்எஸ்சி. எங்கய்யன் காங்கயத்துல எண்ணெய் மில்லு வெச்சிருக்கறாரு. கல்யாண ஊட்ல கேக்கறவங்ககிட்ட எல்லாம், "பையன் கொரங்கு டாக்டருக்குப் படிக்கறான்"னு பெருமையாச் சொல்லிட்டுத் திரியறாரு. கொரங்குக்கு எதுக்குடா டாக்டருன்னு அவனவன் கேட்டுட்டுப் போறான். அந்த மனுஷங்கிட்ட இப்பப் போயி என்னன்னு சொல்லறது? கொரங்கே வேண்டாம்னு அனுப்பிச்சுருச்சுன்னா?

ரெண்டு பேர் வந்தோம். நான், அப்புறம் ஜெர்லின்னு ஒருத்தி. மார்த்தாண்டத்துக்காரி. மேல எஸ்டேட்ல பழைய பங்களா ஒண்ணு, அதுதான் கேம்ப். எங்களுக்குப் பெரியவரு தணிகாசலம் சார். இந்தக் குரங்குக பின்னாலயே சுத்தி மனுஷனுக்கு தலையே நரைச்சுப் போச்சு. மொத நாளே எங்களை உக்கார வெச்சு ஒண்ணு சொன்னாரு. "குரங்கை உனக்குத் தெரியணும். குரங்குக்கு உன்னைத் தெரியக் கூடாது. நீ அங்க இல்லாத மாதிரி இருக்கணும். அதுதான் இந்த வேலை"ன்னாரு. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. சாமியாருக்குச் சொல்ற மாதிரி. இல்லாத மாதிரி இருக்கணும்னா நான் எதுக்கு இருக்கணும்? ஊட்லயே இருந்துக்கறேன்.

அட்டை கடிச்சிருக்குதுங்களா உங்களுக்கு? நீங்க எஸ்டேட்காரரா, அப்பப் பழகியிருக்கும். எங்கூர்ல மழையே பேயாது. அட்டைங்கறதைப் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன். இங்க வந்து மொத நாளு சாயங்காலம் சாக்ஸைக் கழட்டினா காலெல்லாம் ரத்தம். மூக்குப்பொடியை வேப்பெண்ணெயில கொழைச்சுத் தேச்சுக்கச் சொன்னாங்க. தேச்சேன். அட்டையும் போகல, எனக்குத் தும்மலும் நிக்கல. தும்மினாக் குரங்கு ஓடிரும். அப்புறம் அதைத் தேடிட்டு இன்னும் உள்ள போகணும், அங்க இன்னும் அட்டை. இதுக்குப் பேரு படிப்பு.

ஜெர்லின் இருக்கறாளே, அவளுக்கு அட்டையும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல. விடியறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிருவா. மழையில நனைஞ்சு, சேத்துல உழுந்து, பொழுதோட வருவா. வந்து என்ன குடுப்பா? காலி ஷீட்டு. "இன்னைக்குக் கூட்டம் கிட்டல்ல சார்"ன்னு நின்னுட்டு இருப்பா. வெக்கமே இல்லாம. கெடைக்கலைன்னா எதையாச்சும் எழுதிக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான, ஆரு பாக்கறாங்கன்னு நானே ஒருக்காச் சொன்னேன். என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை, நான் என்னமோ கோயில் உண்டியல்ல கை வெச்ச மாதிரி.

இதுல விசயம் என்னன்னா, சார்கிட்ட பிஎச்டிக்கு ஒரே ஒரு எடம்தான். ஒண்ணு எனக்கு, இல்லைன்னா அவளுக்கு. அதை மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க. அவ பண்ணினது எல்லாம் அதுக்குத்தான்.

நான் தீனி போட்டேன்னு சொல்றாங்க.

போடலீங்க. எங்காத்தா மேல சத்தியமா. தீனி போடறதுன்னா என்னங்க? கார்ல வர்றானுக, சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சு அள்ளி வீசறானுக, செல்ஃபி எடுக்கறானுக, அதுக்குப் பேரு தீனி போடறது. நான் பாட்டுக்கு ரோட்டோரத்துல ஒரு கல்லு மேல உக்காந்து சப்பாத்தி தின்னுட்டு இருந்தேன். ஒரு துணுக்குக் கீழ உழுந்துச்சு. ஒரு பொட்டைக் குரங்கு எறங்கி வந்து எடுத்துட்டுப் போச்சு. அவ்வளவுதான். மனுஷன் திங்கறப்போ சிந்தாதுங்களா?

அடுத்த நாளும் சிந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?

அந்தக் குரங்குக்கு எடது காது கிழிஞ்சிருக்கும். சார் அதுக்கு நம்பர் போட்டு வெச்சிருந்தாரு. பேரு வெக்கக் கூடாதாம், பேரு வெச்சாப் பாசம் வந்துருமாம். நான் கிழிகாதின்னு கூப்புடுவேன். அது வந்தாக் கூட்டமே பின்னால வரும். வயித்துல ஒரு குட்டி. எந்நேரமும் கவ்விப் புடிச்சுட்டு, மொகத்தை மட்டும் திருப்பி என்னைப் பாக்கும். குட்டிக்கு வாயெல்லாம் பொக்கை மாதிரி, கெழவன் மொகம். எங்க மில்லுல கணக்குப் பாக்கற ஆறுமுகம் மாதிரியே இருக்கும், நெசமா.

இப்ப நீங்களே சொல்லுங்க. நான் காட்டுக்குள்ள போயி அட்டைக்கு ரத்தம் குடுத்தாலும் குரங்கு கெடைக்காது. ரோட்டோரம் உக்காந்தா அதுகளா வருது. எது ஆராய்ச்சி? என்ற ஷீட்டு நெறைஞ்சுதுங்க. பேன் பாத்துச்சு, எழுதினேன். சண்டை போட்டுச்சு, எழுதினேன். எல்லாத்தையும் பக்கத்துல இருந்து, எது எதோட காதைக் கடிக்குதுன்னு தெளிவா. சார் பாத்துட்டு, "மௌலீஸ்வரன், ரொம்ப நல்லா வந்திருக்கு. கூட்டம் உன்கிட்ட இவ்வளவு பொறுமையா இருக்கே"ன்னாரு. ஜெர்லின் முன்னால சொன்னாரு. அன்னைக்கு அவ ஷீட்டு காலி. அன்னைக்கு ராத்திரி நான் எங்கய்யனுக்கு போன் பண்ணி, எடம் எனக்குத்தான்னு சொல்லிப்போட்டேன். அவரு மில்லுல வேலை செய்யறவங்களுக்கு எல்லாம் காராபூந்தி வாங்கிக் குடுத்தாராம்.

கூட்டம் தெனமும் தரைக்கு வர ஆரம்பிச்சுது. அது பலாப்பழ சீசனுங்க. பழம் கீழ உழுகும், அது கீழ எறங்கும். அதுக்கும் எனக்கும் என்ன? ரோட்டோரத்துல பலா மரம் இல்லையேன்னு ஜெர்லின் கேட்டா. மரம் இல்லைன்னா வேற என்னமாச்சும் இருக்கும். எல்லாத்துக்கும் நான் பதில் சொல்லிட்டு இருக்க முடியுமா?

மறுபடியும் தட்டறனா? அட, எடுத்துப் பக்கத்துல வெச்சனே. எப்ப மடிக்கு வந்துச்சு? இந்தாங்க, நீங்களே புடிங்க. வேண்டாமா? சரி இருக்கட்டும். பேசாம உக்காந்துட்டு இருந்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்குது.

பக்கத்துல வர வெக்கறதுக்கு நான் ஒண்ணும் பண்ணல. தின்னு முடிச்சா டிபன் பாக்ஸ் மூடியை ரெண்டு தட்டுத் தட்டி உதறுவேன். தூளு போகணும்லீங்க. டங்கு டங்குன்னு. அந்தத் தூளைத் திங்க அதுக வரும். அப்புறம் கொஞ்ச நாள்ல, தட்டினாப் போதும், வரும். அது குரங்கோட புத்திசாலித்தனம். அதைக்கூட நான் எழுதி வெக்கணும்னு இருந்தேன். சத்தத்தைப் புரிஞ்சுக்குதுன்னு ஒரு கட்டுரையே போட்டிருக்கலாம். காரியத்துக்கு உதவறதா நெனைச்சுத்தான் பண்ணினேன். சும்மா இல்ல.

ஒரு நாள் ஜெர்லின் டிபன் பாக்ஸ் மூடி கை தவறிக் கீழ உழுந்துருச்சு. கல்லு மேல. டங்குன்னு. அவ காட்டுக்குள்ள இருந்து அப்பத்தான் வெளிய வந்திருக்கறா. மரத்துல இருந்து கிழிகாதி சரசரன்னு எறங்கி வந்து, அவ முன்னால ரெண்டு கால்ல நின்னு, கையை நீட்டுச்சாம். இப்படி. பிச்சை கேக்கற மாதிரி. பின்னால இன்னும் நாலஞ்சு. அவ பொழுதோட வந்தா கேம்புக்கு, மொகம் செவந்து போயி.

"எடே மௌலி, இது ஒனக்க வேலதானே?"ன்னா.

"எது?"ன்னேன்.

"நீ அதுக்குச் சோறு போட்டுப் பழக்கி வச்சிருக்க. மூடி சத்தம் கேட்டு எறங்கி வருகு. சும்மா இல்ல, ரோட்டுல வருகு. வண்டி வர்ற ரோட்டுல!"

"ஒனக்குக் கூட்டம் கெடைக்கலைன்னு பொறாமை. எனக்குப் புரியுது"ன்னேன்.

"எனக்க ஷீட்டு காலியாட்டே கெடக்கட்டும். நீ நாளைக்கு சார்ட்டச் சொல்லிடு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

பாத்தீங்களா? மெரட்டறா. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். குரங்கு மேல அவளுக்கு அக்கறையாம்! எடத்து மேல அக்கறைன்னு சொல்லட்டும், ஒத்துக்கறேன். சொல்லுவேன்னு சொன்னேன். சொல்லத்தான் இருந்தேன். சாருக்குக் காய்ச்சலு. காய்ச்சக்காரருகிட்டப் போயி இதையெல்லாமா சொல்லறது? ரெண்டு நாள் போகட்டும்னு உட்டேன்.

அந்த ரெண்டு நாளைக்குள்ளதான்.

அதோ தெரியுது பாருங்க, டீக்கடை. தகரக் கூரை. ரோட்டுக்கு இக்கட்ட, நம்ம பக்கந்தான் இருக்குது, முன்னால நிக்கற வேனுக்குப் பின்னால. மேல பாத்தீங்கன்னா கறுப்பா ஒண்ணு ரோட்டுக்குக் குறுக்க தொங்கும். ஊஞ்சப் பலகை மாதிரி, மரத்துக்கு மரம். அது குரங்குப் பாலம். பழைய தண்ணிக் கொழாயை வார் வாரா வெட்டிப் பின்னிக் கட்டியிருக்கறாங்க, குரங்குக கீழ எறங்காம மேலயே தாண்டிப் போறதுக்கு. சாரும் நின்னு கட்டினதுதான். நீங்க எஸ்டேட்லயே இருந்தும் பாத்ததில்லையா? அதான் சொல்றேன், அண்ணாந்து பாக்கறவன் ஆருமே இல்ல இந்த ஊர்ல.

நான் டீக்கடை வாசல்ல உக்காந்திருந்தேன். கூட்டம் ரோட்டுக்கு அக்கட்ட. நல்லாத்தான் இருந்துச்சு எல்லாம். டிபன் பாக்ஸைத் தொறந்தா உள்ள பூரா எறும்பு. சித்தெறும்பு. மூடியைக் கழட்டிக் கல்லு மேல ரெண்டு தட்டுத் தட்டினேன். எறும்புக்குங்க! எறும்பு போறதுக்கு. குரங்கைக் கூப்புட இல்ல. அன்னைக்கு நான் குரங்கைப் பாக்கக்கூட இல்ல.

கிழிகாதி எறங்கிருச்சு. மேல பாலம் கெடக்குது. அதுல வந்திருக்கலாம். வரல. நேரா தரைக்கு எறங்கி, ரோட்டைத் தாண்டி, எம்முன்னால வந்து நின்னு கையை நீட்டுச்சு. வயித்துல குட்டி இல்ல. குட்டி கொஞ்சம் வளந்துருச்சுங்களா, தனியா நடக்க ஆரம்பிச்சிருந்துச்சு. பின்னால வந்துட்டு இருந்துச்சு. தத்தித் தத்தி.

ஜீப்புக்காரன் அந்த வேகத்துல வரலாமுங்களா? அது வளைவுங்க. ஹாரன் அடிச்சானா? இல்ல. நிறுத்தினானா? இல்ல. அவனைக் கேக்க ஒரு நாதி இல்ல. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க. இடிச்சவன் பாட்டுக்குப் போயிட்டான், எறும்பைத் தட்டினவன் இங்க பஸ்ல உக்காந்திருக்கறான்.

கிழிகாதி மொதல்ல திரும்பியே பாக்கலீங்கண்ணா. சத்தம் கேட்டுச்சு, எனக்கே கேட்டுச்சு. அது என்ற கையைத்தான் பாத்துட்டு நின்னுச்சு. கையில ஒண்ணும் இல்ல. பாக்ஸ்ல எறும்புதான். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் திரும்பிப் பாத்துச்சு.

தண்ணி இருக்குதுங்களா உங்ககிட்ட? வேண்டாம், உடுங்க.

அப்புறம் என்ன, எடுத்து வயித்தோட வெச்சுக்கிட்டுப் போயிருச்சு. நாள் கணக்கா வெச்சிருந்துச்சு. குட்டி காஞ்சு கருவாடாட்டம் ஆகியும் உடல. ஒரு கையில அதைப் புடிச்சுட்டு மூணு கால்ல மரம் ஏறும். பேன் பாக்கும் அதுக்கு. ஈ ஓட்டும். நான் தெனமும் போயி எழுதினேன். நெம்ப அருமையான டேட்டாங்க அது. ஒவ்வொருத்தன் வாழ்க்கை பூரா குரங்கு பின்னால சுத்தினாலும் இதைப் பக்கத்துல இருந்து பாக்கக் கெடைக்காது. ஜெர்லின் என்ன பண்ணினா தெரியுமா? அழுதுட்டு உக்காந்திருந்தா. மரத்தடியில. ஷீட்டை மடியில வெச்சுட்டு அது மேலயே அழுகறா, மை எல்லாம் ஊறிப் போச்சு. ஆராய்ச்சி பண்ண வந்தவ அழுகலாமா? நான் அழுதனா? ஒரு சொட்டு இல்ல. நிமிசம் தவறாம எழுதினேன்.

அதைக் கொண்டு போயி சார்கிட்டக் குடுத்தேன். காய்ச்சல் உட்டு அன்னைக்குத்தான் எந்திரிச்சு உக்காந்திருந்தாரு. ஜெர்லினும் அங்கதான் நின்னுட்டு இருந்தா. அவ சொல்லியிருப்பான்னுதான் நெனைக்கறேன். சொன்னாளா இல்லையான்னு இது வரைக்கும் தெரியாது, கேக்கவும் இல்ல. கேட்டு என்னத்துக்கு.

சார் பூராத்தையும் படிச்சாரு. நிதானமா. நான் சந்தோசப்படுவாருன்னு நின்னுட்டு இருக்கறேன். கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"மேல பாலம் இருந்துச்சே மௌலி. அது ஏன் கீழ எறங்கி வந்தது?"

"தெரியலீங்க சார்"ன்னேன்.

"தெரியலையா?"

"தெரியலீங்க."

திட்டுவாருன்னு பாத்தேன். திட்டவே இல்லீங்கண்ணா. திட்டியிருந்தா நாலு வார்த்தை நானும் பேசியிருப்பேன். எங்கிட்ட எல்லாத்துக்கும் பதில் இருந்துச்சு. பலாப்பழம், டூரிஸ்டு, ஜீப்புக்காரன், எறும்பு, எல்லாம் தயாரா வெச்சிருந்தேன். அவரு கேக்கவே இல்ல. ஜன்னலைப் பாத்துட்டு, "அதுக்கு உன்னைத் தெரிஞ்சு போச்சுப்பா. நீ இங்க இருக்கிற வரைக்கும் அது கீழ எறங்கும். கிளம்பு"ன்னாரு. அவ்வளவுதான்.

அது ஒரு காரணமுங்களா? குரங்குக்கு என்னைத் தெரியுதுன்னு என்ற படிப்பை நிறுத்தறதா? வேற எந்த ஊர்லயாச்சும் நடக்குமா இது? பொட்டியைக் கட்டறேன், ஜெர்லின் வந்து கதவுகிட்ட நிக்கறா. வெற்றி விழாவுக்கு வந்துட்டான்னு நெனைச்சேன். "மௌலி, பஸ்ஸு அந்த எடத்தத் தாண்டுகது வரைக்கும் ஷட்டரு போட்டுக்க. தலைய வெளிய நீட்டாத கேட்டியா"ன்னா. கையெடுத்துக் கும்பிடாத கொறையாச் சொன்னா. நான் என்ன திருடனா, மூஞ்சியை மூடிட்டுப் போறதுக்கு? போடின்னுட்டு வந்துட்டேன். அதான், உங்களை ஷட்டரை எறக்கச் சொன்னது அவ சொன்னதுக்காக இல்ல. எனக்கே காத்து ஆகாது.

எறங்கி ஊருக்குப் போனா எங்கய்யன் கேப்பாரு. காராபூந்தி வாங்கிக் குடுத்தனேடான்னு கேப்பாரு. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு அவருகிட்டச் சொல்லறது? நீங்க சொல்லுங்க. பெரியவரு, நாலு எடம் பாத்தவரு. நான் கல்லெடுத்து அடிச்சனா? வண்டி ஏத்தினனா? பசிச்ச வாய்க்கு ஒரு துணுக்கு குடுத்தது ஒரு குத்தமா? அத்தனை பேரும் சேந்துக்கிட்டு, சாரும் அவளும் அந்தக் கொரங்கும் சேந்துக்கிட்டு, என்னை இப்படி…

என்னங்க? எதுக்கு என்ற கையைப் புடிக்கறீங்க? தட்டறனா? தட்டினாத் தட்டறேன், உங்களுக்கென்ன? எங்க காட்டறீங்க? வெளியவா? என்ன வெளிய…

அய்யோ.

எறக்குங்க. ஷட்டரை எறக்குங்கண்ணா, முழுசா. வர மாட்டேங்குதா? அமுத்தி இழுங்க. என்ன பஸ்ஸு இது, துருப் புடிச்ச சனியன். ஏங்க, பழத்தை எடுக்காதீங்க! எதையும் குடுக்காதீங்க! உங்களை மாதிரி ஆளுகதான் இதுகளைக் கெடுத்து வெச்சிருக்கறீங்க. உள்ள வைங்க பழத்தை.

பழத்தைப் பாக்கவே இல்லையே அது. நீங்க நீட்டியும் பாக்கல. என்னைத்தான் பாக்குது.

அந்தக் காதுதான். எடது காது. குட்டி இல்ல பாருங்க, வயித்துல ஒண்ணும் இல்ல. எங்கயோ உட்டுருச்சு போல. எப்ப உட்டுச்சுன்னு தெரியலியே. தனியா வந்திருக்குது.

போ. ஏய், போ. போன்னு சொல்றேன்ல! ஒண்ணும் இல்ல. இந்தா பாரு, காலி. பாக்ஸு காலி, மூடி… ஐயோ, சத்தம் கேட்டு இன்னும் கிட்ட வருது. ரெண்டு கால்ல நிக்குதுங்கண்ணா. கையை நீட்டுது. எங்கிட்ட ஒண்ணும் இல்ல சாமி, நெசமாவே ஒண்ணும் இல்ல.

விசிலு எதுக்கு? லாரியை எடுத்துட்டாங்களா? அப்பக் கீழ இருந்து வண்டி வருமே. இந்த ஜன்னல் பக்கந்தான வரும், அது நடு ரோட்ல நிக்குதே! கண்டக்டரண்ணா! கண்டக்டரே! எதிர் வண்டியை நிறுத்தச் சொல்லுங்க, கையைக் காட்டச் சொல்லுங்க! ஆருமே காதுல வாங்க மாட்டேங்கறாங்க. ஹாரன் சத்தம் கேக்குதுங்களா? ஜீப்புதான் அது.

நீங்க எந்திரிங்க. ஜன்னலை மறைச்சு நில்லுங்க. துண்டை விரிங்க, அந்தத் துண்டை. நான் கீழ உக்காந்துக்கறேன். சீட்டுக்கடியில. தள்ளுங்க பையை. காலை எடுங்க. என்னைப் பாத்தாத்தான நிக்குது, நான் இல்லைன்னு தெரிஞ்சாப் போயிரும். பேர் சொல்லாதீங்க, கீழ குனிஞ்சு என்னைப் பாத்துப் பேசாதீங்க. நான் இங்க இல்ல. பாக்ஸை இறுக்கிப் புடிச்சிருக்கறேன், சத்தம் வராது.

போயிருச்சுங்களா?

சொல்லுங்கண்ணா. என்ன பாக்குது? திரும்பிருச்சுங்களா? ஹாரன் கிட்ட வந்துருச்சே. கீழ பாக்காதீங்க, மேல பாருங்க. கறுப்பாத் தொங்குதுன்னு சொன்னனே, அதைப் பாருங்க.

அண்ணா. பாலத்துல ஏறிருச்சுங்களாண்ணா?